சமையலறை உள்ள தங்குமிடமா, காலை உணவு சேர்ந்த விடுதி அறையா?

வெளிநாட்டுப் பயணத்தில் சாப்பாட்டுச் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன: அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள தங்குமிடத்தை எடுத்துச் சமைத்துக்கொள்வது, அல்லது காலை உணவும் சேர்ந்த விடுதி அறையை எடுத்து, மற்ற வேளைகளுக்கு வெளியே சாப்பிடுவது. நானும் என் மனைவியும் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறோம். கடைசிப் பயணத்தில் ஒரே நகரத்தில் ஏழு இரவுகள் தங்க வேண்டியிருந்ததால் சமையலறையைத் தேர்ந்தெடுத்தோம். அடுத்த முறையும் அதையே எடுப்பேன்; ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

சமைத்தால் செலவு குறையும், நேரம் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விடுதி அறையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கிளம்பினால் அடுத்த வேளையைத் தள்ளிப்போடலாம். பல உணவகங்களில் மதியச் சாப்பாடு இரவுச் சாப்பாட்டைவிட விலை குறைவு என்பதால், பெரிய வேளையைப் பகலிலேயே முடித்துக்கொண்டு இரவைப் பழமும் ரொட்டியுமாகக் கழிக்கலாம். காலை உணவு இலவசம் என்று சொல்லப்படுவதை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். முன்பதிவு செய்யும்போது அதே அறைக்கு உணவோடு ஒரு கட்டணமும் உணவில்லாமல் ஒரு கட்டணமும் காட்டப்பட்டால், அந்த வித்தியாசம்தான் உணவின் உண்மையான விலை. அதிகாலையில் வெளியேறும் நாள்களில் அந்தப் பணம் வீண்.

சமையலறைக்கும் இதே கணக்கைப் போடலாம். அதற்காக ஓர் இரவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை, பயணம் செய்பவர்கள் எல்லாரும் ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் லாபம். அந்தக் கூடுதல் தொகை வெளியே சாப்பிடும் செலவை எட்டிவிட்டால் சமைப்பதில் பொருளில்லை.

ஆனால் லாபமா நட்டமா என்பதை உண்மையில் தீர்மானிப்பது, கிளம்பும் நாளன்று அலமாரியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான். இதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். முன்பு ஒருமுறை இரண்டே இரவுகள் தங்கிய இடத்தில் ஆசையோடு சமைத்தோம். புறப்பட்ட காலையில் முக்கால்வாசி நிறைந்த எண்ணெய்ப் புட்டி, மூலை வெட்டிய உப்புப் பொட்டலம், பாதி மூட்டை அரிசி, ஆறு முட்டைகள் ஆகியவை மேடையில் வரிசையாக நின்றன. விலைச்சீட்டை எடுத்துப் பார்த்தபோது, வாங்கியதில் பாதிக்கு மேல் நாங்கள் சாப்பிடவேயில்லை என்பது தெரிந்தது. சிறிய பொட்டலமாக வாங்கினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கடையின் அலமாரிச் சீட்டில் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதை ஒப்பிட்டால், சிறிய பொட்டலம்தான் பெரும்பாலும் விலை கூடுதல்.

மிஞ்சியதை எடுத்துச் செல்வதும் எளிதன்று. பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் ஒரு கொள்கலத்துக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொண்டுபோக விடமாட்டார்கள். எண்ணெய்ப் புட்டி அங்கேயே நின்றுவிடும். எல்லையைக் கடந்தால் இறைச்சி, பால் பொருள்கள், பழங்கள், விதைகள் ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. தெரிவிக்காமல் கொண்டுபோனால், மிச்சப்படுத்திய பணத்தைவிடப் பெரிய அபராதம் விழலாம்.

ஆகவே என் நிபந்தனை இதுதான்: ஒரே இடத்தில் குறைந்தது நான்கு இரவுகளாவது தங்குவதாக இருந்தால் மட்டுமே சமையலறை. அதற்குக் குறைந்தால் விடுதி அறை. நான்கு இரவுகள் என்றாலும், முன்பதிவு செய்யும் முன்பே எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகியவை அங்கே இருக்கின்றனவா என்று தங்குமிடக்காரரிடம் கேட்டுவிடுகிறேன். உப்பு, மசாலாப் பொடி போன்ற உலர்ந்த பொருள்களைத் தேவையான அளவுக்குச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்கிறேன்; அவற்றையும் அந்த நாடு அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். கடைசி இரண்டு நாள்களுக்குப் புதிதாக எதையும் வாங்குவதில்லை. கடைசிப் பயணத்தில் இப்படிச் செய்ததால், சாவியை ஒப்படைக்கும்போது மிஞ்சியது கால் பொட்டலம் தேயிலை மட்டுமே.

விடுதி அறையிலேயே மின்கெண்டியை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டுக்குச் செய்த கெண்டியை 120 வோல்ட் உள்ள நாட்டில் மாட்டினால் ஏறக்குறைய கால் பங்கு ஆற்றலே கிடைக்கும். தண்ணீர் சூடாவதற்குள் பொறுமை போய்விடும். 120 வோல்ட் கெண்டியை 230-இல் மாட்டுவது ஆபத்து. பானங்களுக்கென்று அறையில் வைத்திருக்கும் சிறிய குளிர்சாதனப் பெட்டியையும் நம்ப வேண்டாம். சமைத்த உணவு 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்தப் பெட்டிகள் பலவும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த உணவை, காசு போனாலும் பரவாயில்லை என்று தூக்கிப்போடுவதே நல்லது.

நான் சொன்னவை பெரியவர்கள் இருவர் மட்டும் போன பயணங்களிலிருந்து வந்தவை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, நேரங்கெட்ட நேரத்தில் பால் காய்ச்ச ஓர் அடுப்பு இருப்பதே போதுமான காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு என் நான்கு இரவுக் கணக்கு பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் சமையலறை உள்ள விடுதியில் ஒரே ஒரு முறைதான் தங்கியிருக்கிறேன். முன்பு தங்கியவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய், உப்பு, அரிசி ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள அங்கே அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருந்தார்கள். அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் இரண்டே இரவுகள் தங்கினாலும் சமைக்கலாம்.