ஸ்க்ரமா, கான்பனா? மண்டபத்தில் நாலு பேர் போட்ட கணக்கு

மென்பொருள் குழு தன் வேலையைப் பிரித்து நடத்த ஸ்க்ரம், கான்பன் என்று இரண்டு முறைகள் உண்டு. இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒன்பது மாதம் ஸ்க்ரம், அதன் பிறகு ஒன்றரை வருஷமாகக் கான்பன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மாடி அறையில் நாங்கள் நாலு பேர். இறால், நண்டு, கணவாய் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் மீன் கம்பெனிகளுக்கு எடை, பில், படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணம் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கும் மென்பொருள் எங்களுடையது. நான் கான்பன் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த சங்கதிகளைச் சட்டென்று தாண்டிவிடலாம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய, மாற்றத்துக்கு இடம் கொடுத்து மென்பொருள் செய்யச் சொல்லும் அஜைல் அறிக்கையைத்தான் இரண்டு கட்சியும் சாட்சிக்கு அழைக்கும். ஸ்க்ரம் அதற்கும் மூத்தது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் 1995-லேயே அதை முன்வைத்துவிட்டார்கள். கான்பன், டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ வளர்த்த அட்டை முறை. மென்பொருள் வேலைக்கு அதைப் பழக்கியவர் டேவிட் ஆண்டர்சன். ஸ்க்ரமில் ஒரு மாதத்துக்கு மிகாத ஒரு காலக்கெடுவைக் குறித்து (அதற்குப் பெயர் ஸ்பிரின்ட்), அதற்குள் முடிக்கும் வேலையை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம். கான்பனில் ஸ்பிரின்ட் கிடையாது. கையில் இருப்பது முடிந்தால் அடுத்ததை இழுக்கலாம், ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் கையில் வைக்கக் கூடாது. டூல் எது, சான்றிதழ் எது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நாலு பேருக்கு ஒரு சுவர் போதும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது பராமரிப்புச் செலவுதான். வேலை முறையைப் பராமரிக்க ஆகும் செலவைச் சொல்கிறேன்.

இந்தப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. எங்கள் கம்பெனிகள் வாங்குவது பெரும்பாலும் விசைப்படகுச் சரக்கு. அதனால் ஞாயிறு, செவ்வாய், வியாழன் விடியற்காலையில் எடை மேடையில் கூட்டம், ஏழு மணிக்கு எங்கள் போனில் கூட்டம். காற்று பலமாக இருந்தால் மீன்துறை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காது. கம்பெனிக்காரர்கள் அன்றைக்குத்தான் ஓய்வாக உட்கார்ந்து பழைய கணக்கைத் தோண்டுவார்கள். சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தாலும் அதே கதை. ஆக, எங்களுக்கு எந்த வாரம் என்ன வேலை வரும் என்பது கடலுக்கும் காற்றுக்கும்தான் தெரியும்.

இந்த நிலையில் இரண்டு வார ஸ்பிரின்ட் போட்டோம். திங்கட்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஸ்டோரி பாயின்ட் (வேலையின் கனத்துக்குப் போடும் மதிப்பெண்) எல்லாம் வைத்துத் திட்டம் போடுவோம். செவ்வாய் காலையே அது உடையும். ஒரு தடவை ஒரே படகின் இறாலை இரண்டு கவுண்ட்டாக (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) பிரித்து எடை போட்டிருக்கிறார்கள். எங்கள் பில் இரண்டையும் கூட்டி ஒரே விலை போட்டுவிட்டது. படகுக்காரர் மேடையிலேயே நிற்கிறார், 'ஸ்பிரின்ட் முடியட்டும் அண்ணே' என்று எப்படிச் சொல்வது? அதைச் சரிசெய்தோம். அப்புறம் மீதி வேலையைத் திரும்ப அளந்து, எதை வெளியே தள்ளுவது என்று பேசி, ஒரு மணி நேரம் போனது. ஸ்பிரின்ட்டின் இலக்கு கெடாமல் வேலைப் பட்டியலைப் பேசி மாற்றிக்கொள்ள ஸ்க்ரம் விதியிலேயே இடம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் நாலு பேரின் நேரம் போகிறதே. இன்னொன்று, ஸ்க்ரமுக்கு ப்ராடக்ட் ஓனர், அதாவது எந்த வேலை முதலில் என்று முடிவு சொல்பவர், வேண்டும். எங்களுக்கு அந்த இடத்தில் இருக்க வேண்டிய மீன் கம்பெனி முதலாளி அண்ணன் விடியற்காலை நாலு மணிக்கே படகுத்துறையில் இருப்பவர். கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "தம்பி, பில்லு சரியா வருதா? அத மட்டும் சொல்லு" என்பார்.

கான்பனுக்கு மாறியபோது சுவரில் ஒட்டுத்தாள் ஒட்டினோம். கடல்காற்று ஈரத்தில் இரண்டே நாளில் எல்லாம் தரையில் கிடந்தன. எங்களில் ஒருவன் வீட்டிலிருந்து வலை கட்டும் நைலான் கயிறு கொண்டுவந்து, குறுக்கே மூன்று வரிசை கட்டினான்: வந்தது, கையில், முடிந்தது. நடுக் கயிற்றில் மட்டும் துணி கிளிப் மூன்றே மூன்று. புது வேலையை எடுக்கக் கிளிப் வேண்டும். கிளிப் வேண்டுமென்றால் தொங்குகிற ஏதோ ஒன்றை முடிக்க வேண்டும். எனக்குக் கான்பனைப் புரிய வைத்தது அந்தக் கிளிப்தான். அவசரமான பில் கோளாறுக்கு என்று சிவப்புக் கிளிப் ஒன்று தனியாக உண்டு. அதுவும் ஒன்றே ஒன்று.

மூன்று ஏன் என்று கேட்பார்கள். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இருக்கிறது: ஒரு வேலைக்கு ஆகும் சராசரி நேரம் என்பது, கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் வருவது. வாரத்துக்கு மூன்று முடிக்கிறோம், கையில் ஆறு கிடக்கிறது என்றால் ஒன்றுக்கு இரண்டு வாரம். வேகம் குறையாமல் கையில் இருப்பதை மூன்றாகக் குறைத்தால் ஒரே வாரம். வரத்து ஓரளவு சீராக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்; எங்கள் வரத்துக்குத் தோராயமாகத்தான் பொருந்துகிறது. ஆனாலும் "எப்ப முடியும் தம்பி?" என்று கேட்கும்போது வாயில் வந்ததைச் சொல்லாமல் ஒரு பதில் கையில் இருக்கிறது.

ஸ்பிரின்ட் போனதில் கிடைத்த எதிர்பாராத லாபம் வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று புதுப் பதிப்பை ரிலீஸ் செய்யாதே என்று சென்னையில் வேலை பார்த்தபோது சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இங்கே வியாழன் சரக்கு எடை முடிந்துவிட்டால் ஞாயிறு வரை மேடை காலி. ஆகவே வெள்ளிதான் எங்கள் ரிலீஸ் நாள். ஏதாவது வெடித்தாலும் சனி முழுக்க இருக்கிறது.

ஸ்க்ரமை ஒரேயடியாகத் தள்ளவும் மனமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். போன் அடிக்காது. போன தடைக்காலத்தில் முன்பணக் கணக்கு முழுவதையும் திருப்பி எழுதினோம். அதற்கு மட்டும் இரண்டு வார ஸ்பிரின்ட் போட்டோம், ஒன்றுகூட உடையவில்லை. முதலாளி அண்ணனே வந்து உட்கார்ந்து பார்த்தார், டீ வாங்கிக் கொடுத்தார். முடிவு தேதி நிச்சயம், குறுக்கே யாரும் வரமாட்டார்கள் என்றால் ஸ்க்ரம் நன்றாகவே ஓடுகிறது. புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கும் அதுதான் பிடித்தது. கான்பனில் 'அடுத்து எதை எடுப்பது' என்று அவன் விழித்துக்கொண்டு நின்றது உண்மை. செய்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டமும் அப்படித்தான்: ஸ்க்ரமில் அது தானாக வரும், கான்பனில் நாமாகத் தேதி வைக்காவிட்டால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். எங்களுக்கு இரண்டு முறை தள்ளிப்போனது.

இருபது, முப்பது பேர் இருக்கும் இடத்தில் மூன்று கிளிப் விளையாட்டு எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் பார்த்த பெரிய குழு சென்னையில் ஒன்றுதான், அங்கே ஸ்க்ரம் என்ற பெயரில் தினமும் முக்கால் மணி நேரம் ஸ்டாண்டப் என்ற நிலவரக் கூட்டம் நடந்தது. 15 நிமிடம் என்பதுதான் விதி. அதை வைத்து ஸ்க்ரமைக் குறை சொல்வது நியாயமில்லை.

வரும் தடைக்காலத்திலும் ஸ்பிரின்ட்தான். ஜூன் 15 காலை கயிற்றைத் திரும்பக் கட்ட வேண்டும். பழைய கிளிப்புகளின் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது, புதிதாக நாலு வாங்க வேண்டும். பையன் ஐந்து கேட்கிறான்.