கணினியில் இல்லாத சாப்பாடு

திருகோணமலையில் ஒரு துண்டு மீனும் இரண்டு கரண்டி பருப்பும் வாங்குவது, கட்டுநாயக்காவில் பெட்டி வந்து சேரக் காத்திருப்பதைவிடச் சிரமமான காரியம். விமானம் நேரத்துக்கு இறங்கியது. வான்காரர் கந்தளாய் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை. அண்ணன் வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் தடையின்றி இருந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்த மீனைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ரொறன்ரோவில் எனக்கு இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்து இன்னும் அதிக காலம் ஆகவில்லை. இரைப்பையின் மேற்பகுதியில் முட்டையளவு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு தொடுத்துவிடுவார்கள். ஒன்ராறியோவில் தகுதி உள்ளவர்களுக்கு இந்தச் செலவை மாகாண மருத்துவக் காப்புறுதியே ஏற்கிறது. ஆனால் கத்தி வைப்பதற்கு முன் உணவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து மாதக்கணக்கில் பாடம் கேட்க வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். தட்டில் முதலில் மீன், முட்டை, பருப்பு, இடமிருந்தால் மரக்கறி, சோறு கடைசியில், பெரும்பாலும் இல்லவே இல்லை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி நேரமாவது போக வேண்டும். இனிப்பு அதிகமானால் அது விரைந்து குடலில் இறங்கி, நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, தலை சுற்றும். அதற்கு டம்பிங் என்று பெயர். கல்யாண வீட்டுப் பாயசத்தில் இரண்டு கரண்டி குடித்தாலே அந்தப் பாடம் முழுவதும் விளங்கிவிடும்.

இனி உணவகம். கடற்கரைப் பக்கம், புதியது, பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, ஆங்கிலத்தில் வழவழப்பான மெனு. அந்தப் பகுதியில் முன்பெல்லாம் நீள வாங்கு போட்ட சாப்பாட்டுக் கடைகள்தான் இருந்தன. உட்காரும் முன்பே சோறு வந்துவிடும், நினைவிருக்கும்.

பரிமாற வந்த தம்பி நல்ல பிள்ளை. “எனக்குச் சோறு வேண்டாம் தம்பி. பாரை மீன் கறியில் ஒரு துண்டு, கொஞ்சம் பருப்பு. அவ்வளவுதான்” என்றேன்.

“சோறு வேண்டாம் என்றால் புரியாணி போடட்டுமா, அன்ரி?”

புரியாணியும் சோறுதானே என்றேன். அப்படியானால் கொத்து என்றான். கொத்தும் வேண்டாம் என்றபோது, வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்தானோ என்னவோ, அண்ணியைப் பரிதாபமாகப் பார்த்தான். உள்ளே போய்த் திரும்பி வந்தான். மீன் கறி தனியாகக் கிடையாது, சோற்றோடுதான் வரும், கணினியில் அப்படித்தான் இருக்கிறதாம். “முழுச் சாப்பாட்டுக் காசையும் தருகிறேன், சோற்றை மட்டும் வைக்காமல் கொண்டு வாருங்கள்” என்றேன். மறுபடியும் உள்ளே போனான். சோறில்லாத தட்டை வெளியே அனுப்பினால் பிறகு முறைப்பாடு வரும் என்று சமையலறையில் பயப்படுகிறார்களாம். முறைப்பாடு செய்யக்கூடிய ஒரே ஆள் நான்தான். அந்த நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

எனக்கு மருத்துவமனையில் ஒரு அட்டை தந்திருந்தார்கள். இவருக்கு இன்ன சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, சிறிய அளவில் உணவு தந்து உதவுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ரொறன்ரோவில் அதை எடுக்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. அங்கே பள்ளிக்கூடம் விட்டு வேலைக்கு வரும் பிள்ளைகூட ஒரு பொத்தானை அழுத்தி ‘சோறு வேண்டாம்’ என்று உள்ளே அனுப்பிவிடும். இங்கே அட்டையை நீட்டினேன். முகாமையாளர் வந்தார், வாங்கினார், முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார், காசாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார், இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்து மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

“மன்னிக்க வேண்டும் மேடம், இந்தக் கார்டுக்கு எங்களிடம் கழிவு இல்லை. வங்கிக் கார்டுகளுக்கு மட்டும்தான்.”

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பசி. சிறுவர் சாப்பாடு தரலாமே என்று அவரே யோசனை சொன்னார். அதில் என்ன இருக்கும் என்று கேட்டேன். பொரித்த கோழி, உருளைக்கிழங்குப் பொரியல், ஐஸ்கிரீம். எனக்கு விலக்கியவை எல்லாம் ஒரே தட்டில்.

கடைசியில் வந்தது என்ன? கோபுரம்போல் குவித்த சோறு, அதன் உச்சியில் என் மீன். பருப்பு சோற்றுக்குள் ஊறிப் போயிருந்தது. மீனை மட்டும் எடுத்து, நன்றாக மென்று மென்று தின்றுகொண்டிருந்தபோது அந்தத் தம்பி தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி நகர்த்தி வைத்தான். பில்லில் மீன் சாப்பாடு ஒன்று, மேலதிக மீன் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் 10 வீதம் சேவைக் கட்டணம். மேலதிக மீன் எங்கே என்று கேட்டேன். “சோற்றுக்குள்ளே இருந்திருக்கும், அன்ரி.” கிளறிப் பார்த்தோம். இருந்தது.

ஊரில் விருந்தோம்பல் அதிகம், குறைத்துக் கொடுக்கத் தெரியாது என்று சிலர் இதற்குச் சமாதானம் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கால் றாத்தல் பாண் வெட்டி விற்ற ஊர் இது. ஒரு வெற்றிலை, ஐம்பது கிராம் தேயிலை, பாதித் தேங்காய் என்று கேட்டாலும் யாரும் முகம் சுளித்ததில்லை. இப்போதும் பாமசியில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கேட்ட அளவு மட்டும் உறையில் போட்டுத் தருகிறார்கள். கனடாவில் நான்கு மாத்திரைக்காக ஒரு போத்தலையே வாங்க வேண்டும். முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டபோது, நான் பைபாஸ் என்று வாய் திறந்ததுமே அந்தப் பாமசிப் பெண், டைக்ளோபெனாக்கை உள்ளே வைத்துவிட்டுப் பனடோலை எடுத்தாள். அந்த வகை வலி மாத்திரைகள் தொடுத்த இடத்தில் புண்ணை உண்டாக்கக் கூடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆக, அளந்து கொடுக்கும் பழக்கம் ஊரைவிட்டுப் போகவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட இடங்களுக்குள் மட்டும்தான் அது நுழையவில்லை. வெளிநாட்டைப் பார்த்துக் குளிரூட்டியை வாங்கியவர்கள், வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்கும் பழக்கத்தையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

மறுநாள் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பழைய சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் நான் கேட்டதைக் கேட்டதும் “ஏன் தங்கச்சி, சுகமில்லையா?” என்று தொடங்கினார். எந்த ஒப்பரேசன், எவ்வளவு காசு, எத்தனை கிலோ குறைந்தது, தலைமுடி கொட்டுகிறதா? எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே விசாரித்தார். கொட்டுகிறதுதான், முதல் சில மாதங்களில் பலருக்கும் கொட்டும். ரொறன்ரோவில் என் எடையைச் சொல்ல மருத்துவர் கதவைச் சாத்துவார். இங்கே சோறு தின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விசாரணை முடியும் முன்பே சின்னப் பீங்கானில் ஒரு துண்டு மீன், ஒரு கோப்பை பருப்பு வந்துவிட்டன. விலையை வாயாலேயே கணக்குப் போட்டார். சோறு சேர்க்கவில்லை.

மற்றபடி, கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை மூச்சு வாங்காமல் நடந்தேன். மான்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டச்சுக் குடாக் கடற்கரையில் இறால் வடையில் இறாலை மட்டும் தின்று வடையை மருமகனிடம் கொடுத்தேன். வெயில்தான் கொன்றுவிட்டது. ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாதவர்கள் போத்தலைக் கையிலேயே வைத்திருந்து மிடறு மிடறாகக் குடியுங்கள்.

இதே சத்திரசிகிச்சை செய்துகொண்டு போகிறவர்கள் கல்சியம் மாத்திரையைக் கனடாவிலிருந்தே கொண்டு போங்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெள்ளிக்கிழமைதான் சோதனை. அண்ணன் வீட்டில் முட்டைகூட ஏறாது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் அன்றைக்குக் கை கொடுக்கும், பாணி விடாமல் கேளுங்கள். அவித்த பயறும் கிடைக்கும். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போடுவதற்கு முன்பே தடுத்துவிடுங்கள். தடுத்தாலும் சர்க்கரையைத் தனியாகக் கடதாசியில் சுற்றித் தருவார்கள், அதற்கும் சேர்த்துத்தான் காசு.