வால் நுனி உடைந்த குதிரை: பழைய நைட் பொம்மை வாங்குவோர் கவனத்துக்கு

பழைய ஈய நைட் (இடைக்கால ஐரோப்பாவின் கவச வீரர்) பொம்மைகள் சேர்ப்பவர்கள், அடுத்த பொம்மைக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நான் நன்றாக ஏமாந்தேன். இன்னொருவர் அதே ஆளிடம் மாட்டக் கூடாது.

இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்த ‘அஜின்கோர்ட் நைட்டுகள்’ வரிசை நம்மில் பலருக்குத் தெரியும். ராய் செல்வின்-ஸ்மித் வடிவமைத்தது, 54 மில்லிமீட்டர் அளவு. என்னிடம் அதன் காலாள் வீரர்கள் இருக்கிறார்கள். குதிரை வீரன் மட்டும் கிடைக்கவே இல்லை, ஆறு வருஷமாகத் தேடினேன். அப்போதுதான் இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ஒரு விற்பனையாளரின் அறிவிப்பு கண்ணில் பட்டது: “அசல் வார்ப்பு, அசல் பெயின்ட், ஒரே ஒரு பீஸ்.” படங்கள் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும், குதிரையின் வால் நுனி உடைந்து உள்ளே சாம்பல் நிற ஈயம் தெரிந்தது. குறையை மறைக்காமல் காட்டுகிறாரே என்று அதனாலேயே நம்பினேன். தளத்துக்கு வெளியே பணத்தை நேரடியாக அனுப்பினால் விலை குறைப்பதாகச் சொன்னார். அப்படியே அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்ததும் புது பெயின்ட் வாசனை. எழுபது வருஷப் பொம்மையில் அந்த வாசனைக்கு இடமே இல்லை. கையில் எடுத்தால் இரும்புக் குண்டு மாதிரி கனம். பிரிட்டன்ஸ் பொம்மைகளின் அடையாளமே உள்ளீடற்ற வார்ப்புதான், 1893-இலிருந்து அவர்கள் கையாண்ட முறை. அச்சுக்குள் உருகிய ஈயத்தை ஊற்றி, சுவரோரம் இறுகியதும் நடுவில் மிச்சமிருப்பதைக் கவிழ்த்து வெளியேற்றுவார்கள். அதனால் பொம்மை லேசாக இருக்கும், எங்காவது ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். இதில் லென்ஸ் வைத்துத் தேடியும் ஓட்டை இல்லை. உடம்பு முழுக்கக் கெட்டி ஈயம். குதிரையின் அடிவயிற்றில் இருந்த எழுத்துகள், தேய்ந்த சோப்புக்கட்டியில் இருக்கும் பெயர் மாதிரி மழுங்கிக் கிடந்தன.

மடிப்புகளில் இருந்த ‘பழைய அழுக்கை’ ஈரப் பஞ்சால் தொட்டேன். பழுப்பாகப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. உண்மையான தேய்மானம் பிள்ளைகளின் விரல் படும் மேடுகளில்தான் விழும்: தோள், தலைக்கவசம், குதிரையின் பின்புறம். இதில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் உப்புத்தாள் போட்டிருந்தார்கள்.

கடைசியாக வாலைப் பார்த்தேன். படத்தில் இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில் உடைந்திருந்தது. ஆனால் உடைந்த முகத்தின் மேலேயே வழவழவென்று பெயின்ட் பூசியிருந்தது. அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவரிடம் இருக்கும் ஒரு அசல் பொம்மையை வைத்து அச்சு எடுத்திருக்கிறார், உடைசலும் சேர்ந்தே அச்சில் பதிந்துவிட்டது. படம் அசலுக்கு, பார்சல் நகலுக்கு. உலோகம் ஆறும்போது சுருங்குமே, அதன்படி நண்பர் வைத்திருக்கும் அசலைவிட இது உயரத்திலும் ஒரு நூல் குறைவு.

கேட்டேன். முதலில் “பழசில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும்” என்றார். பிறகு அறிவிப்பில் ‘அசல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘1954 மாடல்’ என்று மாற்றிவிட்டார். பழைய அறிவிப்பை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. தளத்திடம் முறையிட்டால், பணம் அவர்கள் வழியாகப் போகாததால் தலையிட முடியாது என்று பதில் வந்தது.

மறுவார்ப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹவுசர் நிறுவனம் 1983-இல் மூடிய பிறகு, அதன் ‘எலாஸ்டோலின்’ வகை நைட்டுகளை பிரைசர் நிறுவனம் தொடர்ந்து தயாரித்தது. அதை பிரைசர் என்று சொல்லி விற்கிறார்கள், தெரிந்தே வாங்குகிறோம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

யாராவது குதிரை வீரனைக் காட்டினால் அடிவயிற்றின் படத்தைக் கேளுங்கள், ஓட்டை எங்கே என்று கேளுங்கள், தராசில் வைத்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். அசல் வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. என்னிடம் விற்றவரிடம் முன்பே எடையைக் கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

நேற்று வேறொரு பெயரில் புது அறிவிப்பு ஒன்று வந்திருக்கிறது. அதே இருட்டுப் படம், அதே உடைந்த வால் நுனி, “ஒரே ஒரு பீஸ்.”