திறந்து கிடக்கும் எஃப்.ஐ.ஆர்., திறக்காத கோப்பு: தமிழ்நாடு காவல்துறையின் தகவல் சேவை எப்படி?

தமிழ்நாடு காவல்துறையிடமிருந்து ஒரு காகிதம் வாங்க இன்று முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று, காவல்துறையின் இணையச் சேவைப் பக்கம். மற்றது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் (ஆர்.டி.ஐ.) 10 ரூபாய் வில்லை ஒட்டிய மனு. முதல் வாசல் வேகமானது, ஆனால் மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் ஒருமுறை பெரிதாகக் கோட்டைவிட்டது. இரண்டாவது வாசலில் யார் வந்து நின்றாலும் ஒரே பிரிவு எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பும் பழக்கம் இருக்கிறது. ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் முதலாவதற்கு மூன்று, இரண்டாவதற்கு ஒன்றரை.

எஃப்.ஐ.ஆர். எடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. மாவட்டம் அல்லது மாநகரம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண், கேப்சா என்று நிரப்பினால் நகல் திரையில் வந்துவிடும். பலர் தடுமாறுவது நிலையத்தின் பெயரில்தான். சென்னையில் விபத்து வழக்குகள் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் பதிவாகின்றன. சட்டம் ஒழுங்கு நிலையத்தின் பெயரில் தேடினால் எதுவும் கிடைக்காது. அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் பட்டியலில் தனித்தனியாக இருக்கும். இன்னொரு குழப்பம், சி.எஸ்.ஆர். எண்ணைக் குற்ற எண் என்று நினைத்துக்கொள்வது. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே. வழக்குப் பதிந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. அதன் நிலையைப் பார்க்க அதே தளத்தில் வேறு இணைப்பு உண்டு. புகார் கொடுத்தவரோ பாதிக்கப்பட்டவரோ இதற்கெல்லாம் இணையத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173(2)-இன்படி நிலையத்திலேயே இலவச நகல் தர வேண்டும்.

இந்தச் சேவையின் அடிப்படை, 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு. பதிந்த 24 மணி நேரத்தில் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும். இணைப்புக் கோளாறு இருந்தால் 48 மணி வரை, மிஞ்சிப்போனால் 72 மணி வரை அவகாசம். பாலியல் குற்றங்கள், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு. ஒரு வழக்கை ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். உங்கள் வழக்கு 'உணர்வு சார்ந்தது' என்று மறைக்கப்பட்டு, அதனால் நகல் கிடைக்காமல் பாதிக்கப்பட்டால் எஸ்.பி.யிடமோ ஆணையரிடமோ மனு கொடுக்கலாம். அவர் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு அமைக்க வேண்டும்; குழு மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு குழு உண்டு என்பதே நிலையங்களில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மனுவில் தீர்ப்பின் பெயரையும் தேதியையும், அதாவது 7.9.2016 என்று, எழுதிவிடுவது நல்லது.

பூட்டு, அதாவது விலக்குள்ள எஃப்.ஐ.ஆரை இணையத்தில் மறைக்கும் ஏற்பாடு, எங்கே தவறியது என்று புரிய அந்தப் படிவத்தைப் பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். என்பது நாடு முழுதும் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். மென்பொருளில் முதல் ஒருங்கிணைந்த புலனாய்வுப் படிவம். அதன் 6-ஆம் பத்தியில் புகார்தாரரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த ஆண்டு, தொழில், முகவரி வரை வரும். 12-ஆம் பத்தியில் புகார் வாசகம் அப்படியே ஏறும். பூட்டினால் மொத்தப் படிவத்துக்கும் பூட்டு, திறந்தால் மொத்தமும் திறப்பு. 6-ஆம் பத்தியை மட்டும் மறைத்து மற்றதைக் காட்டும் நடுவழி இல்லை. சாதாரணச் செயின் பறிப்பு வழக்கில்கூட நகையைப் பறிகொடுத்தவரின் வீட்டு முகவரி ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் புகார் எழுதும்போதே கவனம் வேண்டும். ஆதார் எண், முழு வங்கிக் கணக்கு எண், குழந்தைகள் படிக்கும் பள்ளி ஆகியவற்றைப் புகார் வாசகத்துக்குள் எழுதாமல் தனி இணைப்பாகக் கொடுங்கள்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் இந்த அமைப்பு முழுமையாகத் தோற்றது. பாதிக்கப்பட்ட மாணவியின் அடையாளத்தோடு எஃப்.ஐ.ஆர். பொதுவெளிக்கு வந்தது. பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யிலிருந்து புதிய பி.என்.எஸ்.ஸுக்கு மாறும் பணியில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் தானியங்கிப் பூட்டு விழத் தாமதமாகியிருக்கலாம் என்று தேசியத் தகவலியல் மையம் விளக்கம் சொன்னது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2024 ஜூலை 1. ஏறக்குறைய ஆறு மாதம் கழித்தும் மாறும் பணி என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, எஃப்.ஐ.ஆர். கசிவுக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

நோய் மென்பொருளில் மட்டும் இல்லை. ஐ.பி.சி. 376 என்று போட்டால் பூட்டத் தெரிந்த மென்பொருளுக்கு, பி.என்.எஸ். 64 என்றாலும் அதே குற்றம்தான் என்று யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். பிரிவுகளின் அட்டவணை பிசகினால் பூட்டும் பிசகும். உச்ச நீதிமன்றம் முடிவை ஓர் அதிகாரியிடம்தான் கொடுத்திருந்தது. நடைமுறையில் அது இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. 24 மணி நேரம் என்பது உச்சவரம்பு, ஓட்டப்பந்தயம் அல்ல. ஸ்டேஷன் ரைட்டர் தட்டச்சு செய்து முடித்ததும் படிவம் பூட்டிய நிலையில் இருக்க வேண்டும்; ஆய்வாளர் படித்துப் பார்த்துத் திறந்துவிட்ட பிறகே வெளியே போக வேண்டும். அப்போது கோளாறு வந்தாலும் ஒரு நகல் தாமதமாகும், அவ்வளவுதான். இப்போதைய வரிசையில் கோளாறு வந்தால் ஒரு பெண்ணின் பெயர் வெளியே போகிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ். 72-இன்கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை என்பதும் நினைவிருக்கட்டும்.

பாதுகாப்பைக் கண்காணிப்பது யார்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல், 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்ட பிரிவு 17(1)(சி), குற்றத் தடுப்பு, புலனாய்வு, வழக்கு நடத்துதல் ஆகியவற்றுக்காகக் கையாளும் தரவுக்குப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு தருகிறது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது, திருத்தச் சொல்வது, அழிக்கச் சொல்வது எல்லாம் அதில் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுபவற்றில் முக்கியமானது 8(5): தரவு கசியாமல் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமை. அதைத் தவறவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கசிந்ததைச் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்ற 8(6) விலக்குக்குள் போய்விட்டது. அதாவது இந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்ததும் பூட்டுப் போடுவது கட்டாயம். பூட்டு உடைந்ததை வீட்டுக்காரரிடம் சொல்வது கட்டாயமில்லை. இந்திய அவசரகாலக் கணினிக் குழுவுக்கு ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 உத்தரவு தனி. அது அரசுக்குள் போகும் தகவல்.

2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியாள் நுழைந்தபோது, நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவுபோனதே வழி என்று விளக்கம் தரப்பட்டது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். கடவுச்சொல்லோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, இடமாறுதலான அதிகாரியின் கணக்கை அன்றே முடக்குவது, யார் எதைப் பார்த்தார் என்ற பதிவேட்டை மாதம் ஒருமுறை புரட்டுவது, இந்த மூன்றுமே போதும். வாடகைதாரர், வேலைக்காரர் சரிபார்ப்புக்காக மக்கள் கொடுக்கும் விவரங்களுக்கு 17(1)(சி) பொருந்தாது என்று வாதிடவும் இடமிருக்கிறது. அவை குற்றப் புலனாய்வுக்காகத் திரட்டியவை அல்லவே.

இனி இரண்டாவது வாசல், ஆர்.டி.ஐ. மனு. 'பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் அலுவலகம்' அல்லது 'ஆணையர் அலுவலகம்' என்று முகவரியிட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நிலைய ஆய்வாளருக்கு அனுப்பினால் அங்கும் இங்கும் சுற்றும். ஆர்.டி.ஐ. சட்டத்தின் 6(3)-இன்படி ஐந்து நாளில் உரியவருக்கு மாற்ற வேண்டும் என்றாலும் நடைமுறையில் நாள் நழுவும். பதிலுக்கு 30 நாள். யாராவது பிடித்து வைக்கப்பட்டிருக்கிறார் என்பது போல உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டால் 48 மணி நேரம். மனுவின் தலைப்பிலேயே 'பிரிவு 7(1) காப்புரையின்படி' என்று எழுதினால் தபால் பிரிக்கும் மேசையிலேயே கண்ணில் படும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். கெடு தாண்டிவிட்டால் 7(6)-இன்படி அதுவும் இலவசம்.

'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்டால் மறுப்புதான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட இந்த சி.எஸ்.ஆர். எண் மீது எந்தெந்த நாளில் எந்தப் பதவியில் உள்ளவர் என்ன குறிப்பு எழுதினார், அந்தப் பக்கத்தின் நகல், பொது நாட்குறிப்பில் அன்றைய பதிவின் நகல். வழக்கு நாட்குறிப்பை (புலனாய்வு அதிகாரி நாள்தோறும் எழுதும் குறிப்பு) கேட்பது வீண். அதற்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. குற்றப்பத்திரிகையும் பொது ஆவணம் அல்ல, அதை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களே புகார்தாரர் என்றால் ஆர்.டி.ஐ.யைவிட நேர்வழி ஒன்று உண்டு: புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 193(3).

மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் இருப்பது 8(1)(எச்), அதாவது புலனாய்வுக்கு இடையூறு. ரப்பர் ஸ்டாம்ப் போலப் பயன்படுகிறது. புலனாய்வு நடக்கிறது என்பது மட்டும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது, வெளியிட்டால் எப்படி இடையூறு ஆகும் என்று காட்ட வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மெய்ப்பிக்கும் பொறுப்பும் 19(5)-இன்படி அலுவலருடையதே. இந்த இரண்டையும் எழுதி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் விழலாம்.

பெயர் இருப்பதால் முழு ஆவணத்தையும் மறுப்பது இன்னொரு வழக்கம். பிரிவு 10 அந்தப் பெயரை மட்டும் மறைத்து மற்றதைக் கொடுக்கச் சொல்கிறது. மறைப்பதிலும் கைப்பக்குவம் வேண்டும். கறுப்பு மார்க்கரால் அடித்த தாளை அப்படியே கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடலாம். அடித்த தாளை ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலைத்தான் தர வேண்டும். எக்செல் கோப்பைக் கொடுக்கவே கூடாது. 2023 ஆகஸ்ட் 8 அன்று வட அயர்லாந்துக் காவல்துறை ஒரு தகவல் கோரிக்கைக்கு எக்செலில் பதில் அனுப்பியது. அதில் மறைந்திருந்த தாளில் 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் விவரம் இருந்தது. சுமார் இரண்டரை மணி நேரம் இணையத்தில் கிடந்தது. பிரிட்டன் தகவல் ஆணையர் விதித்த அபராதம் 7,50,000 பவுண்டு.

2025 நவம்பரிலிருந்து ஒரு புதுச் சிக்கல். தரவுச் சட்டத்தின் 44(3) நடைமுறைக்கு வந்து, ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜே) வாசகம் சுருங்கி, மறுக்கும் அதிகாரம் விரிந்துவிட்டது. முன்பு பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத அல்லது தேவையின்றி அந்தரங்கத்தில் நுழையும் தனிநபர் தகவலை மட்டும் மறுக்கலாம். இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். பிடிமானமாக மிஞ்சியிருப்பது 8(2), பொதுநலன் கூடுதல் என்றால் கொடுக்கலாம் என்பது. மேல்முறையீட்டில் போய்ச் சொல்வதைவிட முதல் மனுவிலேயே பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

காவல் நிலைய சி.சி.டி.வி. பதிவு கேட்பவர்களுக்கு இந்தச் சேவை மிக மோசம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 18 மாதம் சேமிக்கச் சொன்னது. அந்த வசதி சந்தையில் இல்லையென்றாலும் குறைந்தது ஓராண்டு. பழைய கருவிகளில் வட்டு நிறைந்ததும் புதிய பதிவு பழையதன் மேல் ஏறிவிடும். 30 நாள் கழித்து 'பதிவு இல்லை' என்று பதில் வந்தால் மேல்முறையீட்டில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் சம்பவம் நடந்த முதல் வாரத்திலேயே இரண்டு கடிதம்: ஒன்று ஆர்.டி.ஐ. மனு, இன்னொன்று நிலைய ஆய்வாளருக்கும் எஸ்.பி.க்கும், தேதி, தொடக்க நேரம், முடிவு நேரம், எந்தக் கேமரா (வாசல், வரவேற்பு, லாக்கப், பின்புறம்) என்று குறிப்பிட்டு, அந்தப் பதிவைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லும் கடிதம். அதன் நகலை, அந்தத் தீர்ப்பின்படி நிலையக் கேமராக்களைக் கண்காணிக்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் அனுப்பி, தபால் ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.