கழுத்து இறுக்கமும் ஃபெல்டன்கிரைஸ் பயிற்சியும்: என் அனுபவம்

நாள் முழுக்கக் கணினி முன் கணக்கு வேலை. பிடரியிலிருந்து வலது தோள்பட்டை வரை இறுகிப்போவது எனக்குப் பல வருடத் தொல்லை. தைலம், ஒத்தடம், மசாஜ் எல்லாம் அன்றைக்குச் சுகமாக இருக்கும். மறுநாள் சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும். எனக்கு நின்று பலன் கொடுத்தது, உடம்பை மெல்ல அசைத்து அந்த அசைவைக் கவனிக்கப் பழக்கும் ஃபெல்டன்கிரைஸ் பயிற்சிதான். ஒலிப்பதிவுகளைக் கேட்டு வீட்டிலேயே சில வருடங்களாகச் செய்துவருகிறேன்.

இதை உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இயற்பியல் படித்தவர், ஜூடோ வீரர். முழங்காலில் பட்ட அடியால் நடக்கவே சிரமப்பட்டு, தன் அசைவுகளைத் தானே கூர்ந்து கவனித்து இந்த முறைக்கு வந்தார். ஆசிரியர் கையால் தொட்டு அசைத்துச் சொல்லித்தருவது ஒரு வகை, சொல்லச் சொல்லக் கேட்டு நாமே அசைவது இன்னொரு வகை. நான் செய்வது இரண்டாவது.

என்னை மாற்றியது ‘இடுப்புக் கடிகாரம்’ என்ற பாடம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்ற வேண்டும். இடுப்புக்கு அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6. இடுப்பை மெல்ல 12 பக்கம் உருட்டினால் கீழ்முதுகு தரையில் படியும், 6 பக்கம் உருட்டினால் எழும்பும். கழுத்து தளர்வாக இருந்தால் தாடையும் கூடவே லேசாக அசையும். எனக்கு அசையவே இல்லை. இடுப்பை அசைக்கக்கூடக் கழுத்தை இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொள்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வலி கழுத்தில் இருந்தாலும் பழக்கம் உடம்பு முழுக்க இருக்கிறது. பிடரியை மட்டும் அமுக்கிவிட்டால் எப்படித் தீரும்?

அசைவு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. தலையில் மூட்டை இருப்பவருக்கு அதன்மேல் ஈ உட்கார்ந்தால் தெரியாது. பலமாக இழுக்கும்போதும் அப்படித்தான், எந்தத் தசை வீணாக இறுகுகிறது என்பது புலப்படாது. நடுநடுவே சும்மா படுத்திருக்கச் சொல்வார்கள். அதைத் தவிர்க்காதீர்கள், வித்தியாசம் தெரிவது அந்த ஓய்வில்தான். மெத்தையில் செய்தால் முதுகு எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரியாது. தரையில் ஜமக்காளம் விரித்தால் போதும்.

இறுக்கம் அடியோடு போய்விடவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் திரும்ப வரும். ஆனால் மவுஸைப் பிடித்த கையோடு தோள் காதை நோக்கி ஏறுவது இப்போது அந்தக் கணமே தெரிகிறது, இறக்கிவிடுகிறேன். தலைவலி அபூர்வமாகிவிட்டது. ஸ்கூட்டரில் போகும்போது தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறது.

குறைகளும் உண்டு. ஒரு பாடம் முக்கால் மணி நேரம் பிடிக்கும். வேர்க்க விறுவிறுக்கச் செய்து பழகியவர்களுக்குப் பொறுமை போய்விடும். ஆசிரியர்கள் நம் பக்கம் அரிது, பதிவுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இந்த முறையைப் பற்றிப் பெரிய அளவிலான மருத்துவ ஆய்வுகளும் குறைவு. கை மரத்துப்போவது, விரல்களில் பலம் குறைவது, வலி கைக்குள் இறங்குவது போன்றவை இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பயிற்சி அப்புறம்.