வகுப்பறைக்கு அப்பால்: டியூஷன் மையமா, பாட உள்ளடக்கப் பணியா?

தனியார் பள்ளிப் பணியை விட எண்ணும் ஆசிரியர்கள் பலர், சொந்தமாக டியூஷன் மையம் நடத்துவது, நிறுவனங்களுக்குக் காணொளி உரை, வினாக்கள் போன்ற பாட உள்ளடக்கத்தை எழுதித் தருவது என்னும் இந்த இரண்டு வழிகளையே முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. பணியிலிருந்து விலகியவருக்கு அத்தடை இல்லை. ஊரில் பெயர் பெற்ற கணித ஆசிரியருக்கு மாணவர் சேர்வதும் கடினமன்று. ஆனால் பொதுத்தேர்வை ஒட்டிக் குவியும் கூட்டம் கோடை விடுமுறையில் கரைந்துவிடும், வாடகையோ மாதந்தோறும் கட்டியாக வேண்டும். மாலைப் பொழுதுகளும் வீட்டுக்கு இல்லை.

உள்ளடக்கப் பணியில், ஒளிச்சேர்க்கையை ஒரு பாடவேளை முழுவதும் நடத்தியவர், அதையே ஐந்து நிமிடக் காணொளிக்கான உரையாகச் சுருக்கி, பலவுள் தெரிக வினாக்களும் அமைக்க வேண்டும். செடிகள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என்று பிள்ளைகள் தவறாக எண்ணுவதை நேரில் கண்டவரே பொருத்தமான தவறான விடையை அங்கே வைக்க முடியும். இந்த அனுபவத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. மாதச் சம்பளமா, பக்கக் கணக்கில் ஊதியமா என்பதை மட்டும் முன்னரே கேட்டுத் தெளிய வேண்டும்.

குடும்பத்தில் வேறு வருமானம் இல்லாதவருக்கு, சம்பளம் உறுதியானால், இரண்டாவதையே பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும், ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய ஆசிரியருக்குத் தனியார் பள்ளியிலும் சட்டப்படி பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பதால், விலகும்போது அதை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்.