குடும்ப நீதிமன்றச் சமரச மையம்: செலவில்லாத நல்ல சேவை, கையெழுத்துக்கு முன் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருங்கள்

மதிப்பெண்: 5-க்கு 4

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையம் இன்று மாவட்ட நீதிமன்றங்கள் வரை பரவியிருக்கிறது. விவாகரத்து வழக்கில், அதிலும் குழந்தை இருக்கும் வழக்கில், இதைவிடப் பயனுள்ள இடம் நீதிமன்றத்துக்குள் வேறில்லை. இருதரப்புக்கும் நடுவில் இருந்து பேசவைக்கும் சமரசருக்குக் கட்டணம் கிடையாது. நீதிபதியே அனுப்புவார், அனுப்பாவிட்டால் நாமே கேட்கலாம். குடும்ப நீதிமன்றக் கவுன்சலிங்கையும் இதையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். கவுன்சலிங்கில் முதல் கேள்வி சேர்ந்து வாழ முடியுமா என்பது. சமரசத்தில், பிரிவது முடிவாகிவிட்டாலும், எப்படிப் பிரிவது என்று பேசலாம்.

இங்கே பேசுவது வழக்கில் சாட்சியமாகாது. உடன்பாடு வந்ததா, இல்லையா என்பதுதான் நீதிபதிக்குப் போகும். அதனால் "மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று தயங்காமல் சொல்லிப் பார்க்கலாம். அதே பேரத்தை வெளியே வந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள்.

போகும்போது பள்ளியின் ஆண்டு நாட்காட்டி, கட்டண ரசீதுகள், சம்பளச் சீட்டு, கடன் விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து, வருமான உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்று 2020-ல் ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பத்திரத்தின் நகலோடு உட்கார்ந்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

ஒரு மதிப்பெண் குறைத்தது ஒப்பந்தம் எழுதும் விதத்துக்காக. பணத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கும், குழந்தைக்கு ஒரே வரி: "தந்தை குழந்தையை இருவரும் பேசி முடிவு செய்யும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்." பேசி முடிவெடுக்க முடியாததால்தானே இருவரும் அங்கே வந்தார்கள்! இந்த வரியை வைத்துக்கொண்டு பிறகு நிறைவேற்று மனு போட்டால், எதை நிறைவேற்றச் சொல்வது? கிழமை, நேரம், இடம் மூன்றும் வேண்டும். "ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தாய் வீட்டு வாசலில் அழைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை 6 மணிக்கு அங்கேயே விட வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த முறை எந்த வாரத்துக்குப் போகும் என்பதும் வேண்டும். கோடை விடுமுறையில் யாருக்கு முதல் பாதி, பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், அடுத்த ஆண்டு மாறுமா என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். சண்டை வருவது இதில்தான். வெளியூரில் இருப்பவருக்கு வீடியோ அழைப்பு நேரம் கட்டாயம் குறிக்கப்பட வேண்டும். யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றமே அதை வலியுறுத்தியிருக்கிறது.

பாஸ்போர்ட்டை எல்லோரும் மறக்கிறார்கள். சிறுவர் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். யார் விண்ணப்பிப்பது, மற்றவர் எத்தனை நாளில் கையெழுத்துப் போடுவது, பாஸ்போர்ட் யாரிடம் இருப்பது என்று இப்போதே எழுதிவிடுங்கள். பள்ளி மாற்றம், ஊர் மாற்றம் என்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்திலும் ஒரு பொறி உண்டு. "குழந்தைக்கு இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. ஆகவே தந்தையும் அந்த வரியை நம்பி மொத்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது. மாதத் தொகை, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், ஆண்டுக்கு எத்தனை சதவீத உயர்வு என்று எழுதுங்கள். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் இதில் அடங்குமா, தனியா என்பதற்கும் ஒரு வரி தேவை.

குழந்தை ஏற்பாட்டைத் தெளிவாக முடிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் இரண்டு கட்டமாக மனுப் போட வேண்டும்; முதல் மனுவுக்குப் பிறகு இரண்டாவது மனுவுக்கு 6 மாதம் காத்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் அமர்தீப் சிங் தீர்ப்பின்படி (2017) அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். குழந்தைப் பொறுப்பும் ஜீவனாம்சமும் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஆனால் தீர்ப்பாணை வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பெரிய தொகையை முதல் நாளே மொத்தமாகக் கொடுக்காமல், ஒரு பகுதியை இரண்டாவது மனு விசாரணை நாளில் டிடியாகக் கொடுப்பது என்று பிரித்துக்கொள்வது நல்லது.

சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் குழந்தை சம்பந்தமான ஷரத்துகளை, சூழ்நிலை மாறினால், இந்து திருமணச் சட்டம் 26-ம் பிரிவில் மனுப் போட்டு மாற்றக் கேட்கலாம்.

கடைசியாக, சான்றிட்ட நகலை வாங்கியவுடன் ஒரு வரியைத் தேடுங்கள்: சமரச ஒப்பந்தம் இந்தத் தீர்ப்பாணையின் பகுதி என்று இருக்கிறதா? இல்லையென்றால் அன்றே வக்கீலிடம் சொல்லித் திருத்த மனுப் போடச் சொல்லுங்கள்.